ஆபீஸ் வேலையும் சொந்த ஓப்பன் சோர்ஸும்: முதல் கமிட்டுக்கு முன் முடிக்க வேண்டிய காகித வேலை

ராத்திரி பதினொரு மணி, சொந்த லேப்டாப், சொந்த வைஃபை. அப்படி எழுதிய நிரல் நம்முடையதுதானே என்று ஐ.டி.யில் இருக்கும் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் சரியா தவறா என்பது, சேர்ந்த அன்று எச்.ஆர். நீட்டிய கட்டுக்குள் படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒரு பத்தியில்தான் இருக்கிறது.

யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி நிரலைத் திறந்து வெளியிடும் ஓப்பன் சோர்ஸ் என்று வந்துவிட்டால் இது உங்களோடு நிற்காது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவுப்படி உரிமம் கொடுக்கக்கூடியவர் உரிமையாளர். நிரல் உங்கள் கம்பெனியுடையது என்று பின்னால் தெரியவந்தால், ரெப்போவில் (நிரலைச் சேமித்து வைக்கும் இடம்) நீங்கள் போட்ட எம்.ஐ.டி., ஜி.பி.எல். போன்ற ஓப்பன் சோர்ஸ் உரிமம் வெறும் டெக்ஸ்ட் ஃபைல். அதை நம்பி எடுத்துப் பயன்படுத்தியவர்கள் எல்லோரும் அனுமதியில்லாமல் பயன்படுத்தியவர்கள் ஆகிவிடுவார்கள்.

ஒரு சொல் குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். தமிழில் எல்லாவற்றுக்கும் ‘காப்புரிமை’ என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் காப்பிரைட்டுக்குப் பதிப்புரிமை, பேட்டன்ட்டுக்குக் காப்புரிமை. நிரலுக்கு முதன்மையாகப் பொருந்துவது பதிப்புரிமைதான். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணினி நிரல் என்பதற்காக மட்டும் காப்புரிமை தருவதில்லை என்கிறது.

சட்டம் எங்கே கோடு போடுகிறது

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு வகையில் சேர்த்திருக்கிறது. கதைக்கும் கவிதைக்கும் உள்ள விதிகளே பைத்தான் ஃபைலுக்கும். பொதுவாக எழுதியவரே முதல் உரிமையாளர். விதிவிலக்கு 17(சி): சம்பளத்துக்கு வேலை செய்பவர் தன் பணியின் போக்கில் உருவாக்கியது, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம்.

இதில் இரண்டு சொற்றொடர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று ‘பணியின் போக்கில்’. மற்றொன்று ‘வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால்’. நாம் செய்யப்போகும் வேலை முழுக்க இந்த இரண்டாவதில்தான்.

‘பணியின் போக்கு’ என்பதற்கு மணிக்கணக்கு எதையும் சட்டம் சொல்லவில்லை. உங்களை எந்த வேலைக்கு வைத்திருக்கிறார்களோ அந்த வேலையின் பகுதியா என்றுதான் பார்ப்பார்கள். 1952இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஸ்டீவன்சன் ஜோர்டன் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். ஒரு மேலாண்மை ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்த்தவர் எழுதிய புத்தகம் யாருக்குச் சொந்தம் என்பது கேள்வி. அவர் ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்து வந்த பகுதிகள் அவருக்கு, கிளையன்ட் வேலைக்காக அனுப்பப்பட்ட இடத்தில் தயாரித்த பகுதி நிறுவனத்துக்கு என்று நீதிமன்றம் பிரித்தது. ஒரே புத்தகம், இரண்டு சொந்தக்காரர்கள். ரெப்போவுக்கும் இதே கதி வரலாம்: நாற்பது ஃபைல் உங்களுடையது, ஆபீஸ் பிரச்சினைக்காக அவசரத்தில் எழுதிச் சேர்த்த ஒரே ஒரு ஃபைல் கம்பெனியுடையது.

நம் பக்கத்து வழக்கு ஒன்றும் உண்டு. ‘போபனும் மோளியும்’ சித்திரத்தொடரை டோம்ஸ் என்ற பெயரில் வரைந்த வி.டி.தாமஸ், வேலை பார்த்த பத்திரிகையை விட்டு விலகிய பிறகும் அதே பாத்திரங்களை வரைய முயன்றார். பத்திரிகை தடை கேட்டது. வேலையில் சேரும் முன்பே அவர் உருவாக்கிய பாத்திரங்கள் அவை, விலகியபின் வரைவதைத் தடுக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 1988இல் சொன்னது. சேருவதற்கு முன்பே இருந்தது என்று காட்ட முடிந்ததுதான் அவருக்குக் கைகொடுத்தது. கீழே ‘இணைப்புப் பட்டியல்’ பற்றிச் சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள்.

கையெழுத்துப் போட்டதைத் தேடி எடுங்கள்

ஒரே தாளில் எல்லாம் இருக்காது. ஆஃபர் லெட்டர், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், தனியாகப் போட்ட என்.டி.ஏ. (ரகசியக் காப்பு ஒப்பந்தம்), இன்ட்ராநெட்டில் கிடக்கும் எம்ப்ளாயி ஹேண்ட்புக், ஓப்பன் சோர்ஸ் பாலிசி என்று ஏதாவது இருந்தால் அது. சர்வீஸ் கம்பெனியில் இருப்பவர்கள் இன்னொன்றையும் தேட வேண்டும்: கிளையன்ட் புராஜெக்டில் போடும்போது கையெழுத்து வாங்கிய அண்டர்டேக்கிங் (உறுதிமொழி). பலருக்கு அப்படி ஒன்று போட்டதே ஞாபகம் இருக்காது.

பி.டி.எஃப்.பைத் திறந்து ‘அஸைன்’, ‘இன்வென்ஷன்’, ‘ஒர்க் ப்ராடக்ட்’, ‘மாரல் ரைட்ஸ்’ ஆகிய சொற்களைத் தேடினால் உரிய பத்தி அகப்பட்டுவிடும். அதில் பார்க்க வேண்டியது வலையின் அகலம். பணியின் போக்கில் உருவாக்கியது கம்பெனிக்கு என்று மட்டும் இருந்தால், 17(சி)யைத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கம்பெனியின் தொழிலோடு தொடர்புடைய எதுவும், எப்போது எழுதினாலும் என்று இருந்தால் வலை பெரிது. ‘இப்போதைய அல்லது எதிர்காலத் தொழில்’ என்று ஒரு சொல் கூடினால் இன்னும் பெரிது. வங்கி முதல் மருத்துவமனை வரை எல்லாவற்றுக்கும் சாஃப்ட்வேர் எழுதும் கம்பெனிக்கு எது தொடர்பில்லாதது? வேலையில் இருக்கும் காலம் முழுவதும் உருவாக்கும் அனைத்தும் என்று இருந்தால், ராத்திரி பதினொரு மணி கணக்கெல்லாம் எடுபடாது.

அடுத்து வினைச்சொல். ‘எழுதிக் கொடுக்க ஒப்புக்கொள்கிறேன்’ என்பதும் ‘இதன்மூலம் எழுதிக் கொடுக்கிறேன்’ என்பதும் ஒன்றல்ல. முதலாவது வாக்குறுதி. இரண்டாவதில், எழுதும்போதே உரிமை கைமாறிவிடும். இன்னும் எழுதாத படைப்பைக்கூட இப்படிக் கொடுக்கலாம், அது உருவாகும் நொடியில் ஒப்படைப்பு (உரிமையை எழுதிக் கொடுப்பது) நடப்புக்கு வரும் என்று நம் சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்கும் ரோஷ் நிறுவனத்துக்கும் நடந்த காப்புரிமை வழக்கு 2011இல் உச்ச நீதிமன்றம் வரை போனதற்கு வேர், ஓர் ஆராய்ச்சியாளர் இரண்டு இடத்தில் போட்ட கையெழுத்துகளில் இருந்த இந்த வினைச்சொல் வித்தியாசம்தான். பல்கலைக்கழகத்தின் தாளில் இருந்தது வாக்குறுதி வாசகம். தோற்றதும் பல்கலைக்கழகம்தான்.

‘பிரிவு 19(4) எப்படி இருந்தபோதிலும்’ என்ற வரி கண்ணில் பட்டால் மிரள வேண்டாம். உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாத வரை, ஒப்படைப்பு காலாவதியாகிவிடும் என்கிறது 19(4). அது நடக்காமல் இருக்கத்தான் அந்த வரி. அந்த வரி இல்லாத பழைய ஒப்பந்தம் உங்களிடம் இருந்தால் வக்கீலிடம் மறக்காமல் காட்டுங்கள். 19(5), 19(6) இரண்டும் அதே வகை: காலம் குறிக்காவிட்டால் ஐந்தாண்டு, எல்லை குறிக்காவிட்டால் இந்தியா மட்டும்.

சேரும் நாளில்: இணைப்புப் பட்டியல்

பல ஒப்பந்தங்களின் கடைசியில் ‘முந்தைய படைப்புகள்’ என்று ஒரு காலிப் பக்கம் இருக்கும். நாளையே சேர வேண்டும் என்ற அவசரத்தில் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ‘காலியாக விட்டால் எதுவும் இல்லை என்று பொருள்’ என்ற வரி மூன்று பக்கம் முன்னால் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை.

நிரப்பும்போது பெயரை மட்டும் எழுதாதீர்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் பெயர், ரெப்போ முகவரி, அது என்ன செய்கிறது என்று ஒரு வரி, தொடங்கிய மாதமும் ஆண்டும், இன்றைய கடைசி கமிட்டின் (பதிவு செய்த மாற்றத்தின்) அடையாள எண்ணான ஹாஷ், உரிமத்தின் பெயர் ஆகியவை வேண்டும். அதன்பின் முக்கியமான ஒரு வாக்கியம்: இந்தத் திட்டங்களின் பின்வரும் பதிப்புகளும், திருத்தங்களும், இவற்றிலிருந்து கிளைப்பவையும் இந்தப் பட்டியலில் அடங்கும். இந்த வாக்கியம் இல்லாவிட்டால் 1.4 பதிப்பு உங்களுடையது, சேர்ந்தபிறகு எழுதிய 1.5 யாருடையது என்ற தகராறு வரும். வெளியிடாமல் பாதியில் நிற்பவற்றையும் சேருங்கள், ஆனால் வேலை செய்யும் விதத்தை விவரிக்காமல்.

தேதிக்கு, நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் மென்பொருளின் வரலாற்றை மட்டும் நம்பக்கூடாது. கமிட்டில் பதிவாகும் நேரம் உங்கள் மெஷினின் கடிகாரம் சொல்வது. யார் வேண்டுமானாலும் மாற்றலாம். மற்றொருவரின் சர்வரில் பதிந்த நேரம் வலுவான சான்று: பைபிஐ, என்.பி.எம். போன்ற நிரல் விநியோகத் தளத்தில் வெளியீட்டுத் தேதி, வேறொருவர் உங்கள் ரெப்போவில் எழுப்பிய இஷ்யூவின் (புகார்ப் பதிவின்) தேதி. பதிப்புரிமைப் பதிவாளரிடம் பதிவு செய்வது கட்டாயமில்லை, படைப்பு உருவானாலே உரிமை வந்துவிடும். ஆனாலும் பெரிய திட்டமாக இருந்தால் படிவம் 14இல் விண்ணப்பிக்கலாம். 2021 திருத்தத்துக்குப் பிறகு சோர்ஸ் கோடின் முதல் 10 பக்கமும் கடைசி 10 பக்கமும் மறைப்பு எதுவும் இல்லாமல் கொடுக்க வேண்டும். ஓப்பன் சோர்ஸ்காரர்களுக்கு மறைக்க என்ன இருக்கிறது!

வேலையில் இருக்கும்போது: அனுமதி வாங்குவது

மேனேஜர் டீம்ஸ் சாட்டில் ‘ஓகே, கோ அஹெட்’ என்று போட்டாரே என்பார்கள். நல்ல மனிதர்தான். ஆனால் கம்பெனியின் சொத்தை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. எச்.ஆர்.காரருக்கும் பெரும்பாலும் இல்லை. உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் ‘அங்கீகரிக்கப்பட்ட கையொப்பமிடுபவர்’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாரே, அந்த நிலையில் உள்ளவரோ லீகல் டீமோதான் வேண்டும். ‘பத்து நாளில் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்’ என்ற உத்தியும் பலிக்காது. மௌனம் சம்மதம் என்பது பழமொழி மட்டும்தான், ஒப்பந்தச் சட்டத்தில் இல்லை.

கேட்கும் காலமும் முக்கியம், இதைத்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். எழுதுவதற்கு முன் வாங்கும் கடிதம் 17(சி) சொல்லும் ‘வேறு மாதிரி ஒப்பந்தம்’ ஆகிறது. உரிமை கம்பெனிக்குப் போகவே போகாது. எழுதி முடித்தபின் கேட்டால், உரிமை ஏற்கெனவே கம்பெனியிடம் போயிருக்கலாம். அதைத் திரும்ப வாங்க 19ஆம் பிரிவுப்படி எழுத்தில், கையெழுத்தோடு, எந்தப் படைப்பு, என்ன உரிமைகள், எவ்வளவு காலம், எந்த எல்லை என்று குறித்த ஒப்படைப்பு ஆவணம் வேண்டும். முன்னால் ஒரு பத்தியில் முடிந்திருக்க வேண்டியது பின்னால் வக்கீல் வேலை ஆகிவிடுகிறது.

கடிதத்தை ஆங்கிலத்தில்தான் அனுப்பப்போகிறீர்கள். உள்ளடக்கம் இப்படி இருக்கட்டும். நீங்கள் ஒரு வங்கி கிளையன்ட்டுக்கு ஜாவாவில் பேமென்ட் வேலை செய்பவர், சொந்தமாகத் தமிழ்ச் சந்திப்பிழை திருத்தி எழுத நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்:

“தமிழ் உரையில் ஒற்று மிகும், மிகா இடங்களைச் சரிபார்க்கும் ஒரு பைத்தான் நூலகத்தை எழுத உள்ளேன். அலுவல் நேரத்துக்கு வெளியே, என் சொந்தக் கருவியில், நிறுவனத்தின் அல்லது கிளையன்ட்டின் நிரல், தரவு, மென்பொருள் உரிமங்கள் எதையும் பயன்படுத்தாமல் எழுதுவேன். அப்பாச்சி 2.0 உரிமத்தில் பொதுவில் வெளியிடுவேன். இந்த நூலகத்திலும் அதன் பின்வரும் பதிப்புகளிலும் நிறுவனத்துக்கு உரிமை கோரல் இல்லை என்பதையும், என் பணி ஒப்பந்தத்தின் இன்ன எண் பிரிவு இதற்குப் பொருந்தாது என்பதையும் உறுதிசெய்யக் கோருகிறேன்.”

ஒப்பந்தப் பிரிவின் எண்ணைக் குறிப்பிடுவதுதான் இதன் உயிர். அது இல்லாமல் வரும் ‘ஆட்சேபணை இல்லை’ என்ற பதில், நீங்கள் எழுதுவதை ஆட்சேபிக்கவில்லை என்று மட்டுமே பொருள்படும். சொத்து யாருடையது என்பதைச் சொல்லாது. உரிமத்தின் பெயரையும் காரணத்தோடுதான் போட்டிருக்கிறது. அப்பாச்சி 2.0விலும் ஜி.பி.எல். 3இலும் காப்புரிமை அனுமதி வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது, எம்.ஐ.டி.யில் அப்படி இல்லை. கம்பெனிக்கு அந்தத் துறையில் காப்புரிமைகள் இருந்தால் லீகல் டீம் இதைக் கட்டாயம் பார்க்கும். பதில் வந்ததும் சொந்த இமெயிலுக்கும் ஒரு நகல் வர ஏற்பாடு செய்யுங்கள். வேலையை விட்ட மறுநாள் ஆபீஸ் மெயில்பாக்ஸ் இருக்காது. ரகசிய ஆவணங்களை வெளியே அனுப்பக்கூடாது என்ற விதியில் சிக்காமல் இருக்க, அனுமதிக் கடிதத்தை உங்கள் சொந்த முகவரிக்கும் அனுப்பும்படி கேட்டே வாங்கிவிடுவது நல்லது.

கிளையன்ட் தொழிலைத் தொடும் திட்டம் என்றால் கம்பெனி அனுமதி மட்டும் போதாது. சர்வீஸ் கம்பெனி தன் கிளையன்ட்டுக்கு எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தில் உங்கள் படைப்பும் சேர்ந்திருக்கக்கூடும். தன்னிடம் இல்லாததை அதுவும் உங்களுக்குத் தர முடியாது.

பேரம் பேசும் இடத்தில் இருப்பவர்களுக்கு: ரெப்போக்களை வைக்கும் தளமான கிட்ஹப் நிறுவனம் 2017இல், சொந்த நேரப் படைப்பை ஊழியரிடமே விடும் ‘பேலன்ஸ்டு எம்ப்ளாயி ஐ.பி. அக்ரிமென்ட்’ என்ற மாதிரி ஒப்பந்தத்தை யாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டது. சிறிய ஸ்டார்ட்டப்பில் சேருபவர்கள் இதை நீட்டிப் பார்க்கலாம். பெரிய கம்பெனியில் ஒப்பந்தத்தை உங்களுக்காகத் திருத்த மாட்டார்கள். தனிக் கடிதம்தான் வழி.

பிரித்து வைப்பது

கடிதம் வந்தபிறகும் பழக்கம் கெட்டால் எல்லாம் கெடும். ஆபீஸ் லேப்டாப்பில் சொந்த ரெப்போவை குளோன் செய்யக்கூடாது (நகல் இறக்கக்கூடாது), ‘ஒரே ஒரு எழுத்துப்பிழை’ திருத்துவதற்குக்கூட. ஆபீஸ் வி.பி.என்., ஆபீஸ் கிளவுட் அக்கவுன்ட், கம்பெனி பணம் கட்டும் ஐ.டி.இ. (நிரல் எழுதும் செயலி) உரிமம், எல்லாம் கம்பெனி வசதிதான். இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது கோபைலட் போன்ற ஏ.ஐ. உதவியாளர்கள். உங்கள் கிட்ஹப் அக்கவுன்ட்டோடு கம்பெனி கோபைலட் சீட் இணைந்திருந்தால் வீட்டு மெஷினிலும் அதுதான் வேலை செய்துகொண்டிருக்கும். புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருக்கும் மாதங்களும் ஓய்வு நேரமல்ல, சம்பளம் வருகிறது.

அதிகம் நடக்கும் தவறு கமிட்டில் ஆபீஸ் இமெயில் பதிவாவது. சொந்த மெஷினில் எப்போதோ ஒருமுறை ஆபீஸ் முகவரியை கிட்டின் குளோபல் கன்ஃபிகில் (பொது அமைப்பில்) போட்டிருப்பீர்கள். அது மறந்துபோய் நூறு கமிட்டில் ஏறியிருக்கும். கிட்டின் ‘ஷார்ட்லாக்’ கட்டளையை இமெயிலோடு ஓட்டினால் யார் பெயரில், எந்த முகவரியில் எத்தனை கமிட் என்று ஒரே திரையில் தெரியும். தடுக்க, குளோபல் கன்ஃபிகில் இமெயிலே வைக்காமல், ‘இன்க்ளூட்இஃப்’ மூலம் ஃபோல்டருக்கு ஒரு முகவரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘யூஸ்கன்ஃபிக்ஒன்லி’யை ஆன் செய்துவிட்டால் முகவரி குறிக்காத இடத்தில் கமிட் போகவே போகாது.

சோதனைத் தரவையும் பாருங்கள். நிரல் முழுக்க உங்களுடையதாக இருந்தும், டெஸ்ட் ஃபைலில் கிளையன்ட்டின் உள்சர்வர் பெயரோ உண்மையான ஒரு பரிவர்த்தனை எண்ணோ இருந்தால் அது பதிப்புரிமைப் பிரச்சினை அல்ல, ரகசியக் காப்பு மீறல். அதற்கு அனுமதிக் கடிதம் காப்பாற்றாது.

அடுத்தவர் திட்டத்துக்குப் பங்களிக்கும்போது

லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒவ்வொரு பேட்ச்சிலும் (திருத்தத்திலும்) ‘ஸைன்டு-ஆஃப்-பை’ வரி கேட்பார்கள். லினக்ஸில் தன் நிரல் கலந்திருக்கிறது என்று எஸ்.சி.ஓ. நிறுவனம் தொடுத்த வழக்கின் பின்னணியில் 2004இல் வந்த ஏற்பாடு இது. அந்த வரியைச் சேர்த்தால், இதைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது என்று நீங்கள் சான்று தருகிறீர்கள். பழக்கத்தில் தட்டிவிடும் ஒரு ஃபிளாக்தான், ஆனால் பொருள் அதுதான். அப்பாச்சி அறக்கட்டளையின் தனிநபர் ஒப்பந்தத்தில், உங்கள் முதலாளிக்கு உரிமை இருந்தால் அவரிடம் அனுமதி வாங்கிவிட்டீர்கள், அல்லது அவர் விட்டுக்கொடுத்துவிட்டார், அல்லது கம்பெனியே தனி ஒப்பந்தம் போட்டிருக்கிறது என்று உறுதிசொல்ல வேண்டும். ஈமேக்ஸ் உரைத்திருத்திக்குப் பெரிய மாற்றம் கொடுத்தால் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்குப் பதிப்புரிமையை எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள், தேவைப்பட்டால் முதலாளியின் கைவிடுகைக் கடிதமும் கேட்பார்கள். அந்தக் கடிதத்தின் வாசகம் நன்றாகப் பழுத்தது; உங்கள் கம்பெனியிடம் கேட்கும் கடிதத்துக்கும் அதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம்.

கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் தொழிலாளர் சட்டத்தின் 2870ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு தைரியமாக இருக்கிறார்கள். சொந்த நேரத்தில், கம்பெனியின் கருவியோ ரகசியமோ தொடாமல் செய்த கண்டுபிடிப்பைக் கம்பெனி எடுத்துக்கொள்ள முடியாது என்கிறது அது. உண்மைதான். ஆனால் கம்பெனியின் தொழிலோடோ, அது உறுதியாக எதிர்பார்க்கும் ஆராய்ச்சியோடோ தொடர்புடையதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கம்பெனி பெரிதாகப் பெரிதாக அந்த விலக்கும் பெரிதாகும். சென்னை கிளைக்கு மாற்றலாகி வந்துவிட்டால் அந்தப் பிரிவும் கூட வராது.

ஏற்கெனவே கலந்துவிட்டால்

ரெப்போவை அழிக்காதீர்கள், வரலாற்றைத் திருத்திப் பழையதன் மேல் எழுதும் ஃபோர்ஸ் புஷ் செய்யாதீர்கள். மற்றவர்கள் எடுத்த நகல்கள் (ஃபோர்க்குகள், மிரர்கள்) இருக்கும். மறைக்க முயன்றார் என்ற தோற்றம் மட்டும்தான் மிஞ்சும். கடவுச்சொல், ஏ.பி.ஐ. சாவி வெளியாகியிருந்தால் அது தனி: உடனே செக்யூரிட்டி டீமிடம் சொல்லி சாவியை மாற்ற வேண்டும்.

மற்றபடி புது கமிட்டை நிறுத்திவிட்டு, எந்த ஃபைல்கள் சந்தேகத்துக்குரியவை என்று, எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் கிட்டின் ‘பிளேம்’ போட்டுப் பட்டியல் எடுங்கள். அந்த ஃபைல்களுக்கு மட்டும் ஒப்படைப்போ உரிமமோ கேளுங்கள்; முழு ரெப்போவையும் கொண்டுபோய் வைத்தால் முழுதாகக் கேள்விக்குள்ளாகும். கம்பெனி மறுத்தால் அந்தப் பகுதியை நீக்கிவிட்டு, அந்த நிரலைப் பார்த்திராத இன்னொருவர், என்ன செய்ய வேண்டும் என்ற விவரிப்பிலிருந்து மட்டும் புதிதாக எழுத வேண்டும். நீங்களே மாறிகளின் (வேரியபிள்) பெயர்களை மட்டும் மாற்றித் திரும்ப எழுதுவது நகல்தான். ஏற்கெனவே வெளியான பதிப்புகளைப் பற்றிப் பயனர்களுக்கு ஓர் அறிவிப்பும் போட்டாக வேண்டும்.

பணமும் விடைபெறுதலும்

திட்டத்துக்கு ஆதரவாக ஸ்பான்சர் பணம் வரத் தொடங்கினால் கதை மாறுகிறது. மூன்லைட்டிங் (வேலையில் இருந்தபடியே வெளியேயும் வேலை பார்ப்பது) விவகாரத்தில் 300 பேரை நீக்கியதாக விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி 2022இல் சொன்ன பிறகு கம்பெனிகள் இதில் கண்ணாக இருக்கின்றன. நிரலுக்கு வாங்கிய அனுமதி, பணம் வாங்குவதற்கு ஆகாது. ஸ்பான்சர் பொத்தானை வைக்கும் முன் தனியாகக் கேளுங்கள். வருமான வரிக் கணக்கிலும் காட்ட வேண்டும்.

வேலையை விட்டபின் போட்டித் தொழில் செய்யக்கூடாது என்ற நிபந்தனை 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி பொதுவாகச் செல்லாது. ரகசியக் காப்பு மட்டும் தொடரும். எழுதியவர் நீங்கள் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையையும் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, பதிப்புரிமை கைமாறியபின்னும் உங்களிடமே வைக்கிறது.

நோட்டீஸ் பீரியடில் ‘எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டேன்’ என்ற தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். சேரும்போது கொடுத்த பட்டியலும் இடையில் வாங்கிய அனுமதிக் கடிதமும் இதில் அடங்காது என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போடுங்கள். கடைசி நாளுக்கு முன் கிட்ஹப், பைபிஐ, என்.பி.எம்., டொமைன் விற்ற இடம் என்று ஒவ்வொன்றிலும் நுழைந்து ரெக்கவரி இமெயில் எது என்று பாருங்கள். ஆபீஸ் முகவரி இருந்தால் அன்றே மாற்றுங்கள். இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பு ஆபீஸ் போனில் இருந்தால், போனை ஒப்படைக்கும் முன் பேக்கப் கோடுகளைத் தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்.